எத்தனை ஹெச்.பி. என்று கேட்பதற்கு முன்: சேர்வராயன் மலையில் பம்பும் பைப்பும்

ஏற்காட்டில் புதிதாக இடம் வாங்குகிறவர்களுக்கும் காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கிறவர்களுக்கும் முதல் கோடையிலேயே வந்து நிற்கும் சிக்கல் தண்ணீர். கிணறோ ஓடையோ பள்ளத்தில் இருக்கும். வீடும் தொட்டியும் மேட்டில் இருக்கும். நடுவில் பாறை, சில்வர் ஓக் மரங்கள், ஏறி இறங்கிப் போகும் பாதை. சரி என்று இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் ஒரு கடையில் போய் நின்றால், "எத்தனை ஹெச்.பி. வேணும்?" என்பார்கள். பதில் சொல்லத் தெரியாமல் பக்கத்துத் தோட்டக்காரர் வைத்திருப்பதையே சொல்லி வாங்கி வந்துவிடுகிறோம். அவருடைய கிணறு வேறு, மேடு வேறு, பைப் வேறு.

ஹெச்.பி. (குதிரைத்திறன்) என்பது கணக்கின் கடைசி வரியில் வரவேண்டிய எண். அதற்கு முன்னால் உயரம், உறிஞ்சும் பக்கம், பைப்பின் அளவு என்று மூன்றைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைப் பம்பு தனியாக முடிவு செய்வதில்லை. பைப்பும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் "மோட்டார் நல்லாத்தான் ஓடுது, தண்ணி வரலை" என்கிற புகாரில் முக்கால்வாசிக்கு நீங்களே காரணம் கண்டுபிடித்துவிடலாம்.

கணக்கைக் கையோடு பிடித்துக்கொண்டு போக ஒரு தோட்டத்தை வைத்துக்கொள்வோம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் மட்டத்திலிருந்து மேட்டுத் தொட்டியின் வாய் வரை 60 மீட்டர் உயரம். பைப் போகும் தூரம் 400 மீட்டர். நொடிக்கு 2 லிட்டர், அதாவது மணிக்கு 7,200 லிட்டர் வேண்டும்.

உயரத்தை அளப்பது

கைபேசி காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். மரத்தடியில் நின்றால் அது பல மீட்டர் தப்பும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை) வைத்து, பள்ளத்திலிருந்து படிப்படியாக ஏறி அளந்துகொண்டே போகலாம். இரண்டு ஆள், ஒரு காலை நேரம் போதும். ஏற்கெனவே ஒரு பழைய பைப் மேலே போகிறது என்றால் வேலை இன்னும் சுலபம். பைப் முழுக்கத் தண்ணீர் நின்றிருக்கும்போது, கீழே என்.ஆர்.வி.க்கு (தண்ணீரைத் திரும்பி வரவிடாத வால்வுக்கு) மேல்பக்கம் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். பம்பு நின்றிருக்க வேண்டும். கேஜ் (சதுர சென்டிமீட்டருக்கு) 6 கிலோ காட்டினால் அந்த இடத்திலிருந்து 60 மீட்டர் உயரம். ஒரு கிலோவுக்குப் பத்து மீட்டர். பைப் சின்னதா பெரியதா, வளைந்து போகிறதா நேராகப் போகிறதா என்பதெல்லாம் நிற்கிற தண்ணீருக்குப் பொருட்டே இல்லை. கேஜுக்குக் கீழே கிணற்று மட்டம் வரை உள்ள ஆழத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

பைப் ஒரு மேட்டின் முதுகில் ஏறி, அப்புறம் இறங்கித் தொட்டிக்குப் போகிறது என்றால், தொட்டியின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. முதல்முறை தண்ணீர் அந்த முதுகைத் தாண்டியாக வேண்டும். தாண்டிய பிறகு இறங்குகிற தண்ணீர் சற்றுக் கைகொடுக்கலாம். ஆனால் தாண்டவே பலம் இல்லாத பம்பு நாள் முழுக்க ஓடினாலும் முதுகுக்குக் கீழேயே நிற்கும்.

போர்வெல்லில் பம்பை எந்த ஆழத்தில் இறக்கினோம் என்பதை உயரக் கணக்கில் சேர்க்கிறவர்கள் நிறையப் பேர். 300 அடியில் பம்பு தொங்கினாலும், ஓடும்போது தண்ணீர் மட்டம் 180 அடியில் நின்றால், பம்பு தூக்குவது அந்த 180 அடியிலிருந்துதான். வெளியே சூழ்ந்திருக்கும் தண்ணீர் மிச்சத்தைத் தானே தள்ளிக் கொடுத்துவிடும். ஓடும்போது உள்ள மட்டம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; நின்றிருக்கும்போது அளந்த மட்டம் ஏமாற்றும். சேலம் பக்கம் முழுக்கக் கடினப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்பில்தான் ஊறி வருகிறது. சில நிமிடம் ஓடியதும் மட்டம் சரசரவென்று இறங்குகிற கிணறுகள் உண்டு.

மூன்றாவது, தெளிப்பான். பிப்ரவரி, மார்ச்சில் காப்பி பூக்க வைக்கத் தெளிப்பு நீர் விடுகிறவர்கள், தெளிப்பான் முனையில் தேவைப்படும் 2.5 முதல் 3 கிலோ அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். உயரத்தோடு இன்னொரு 25, 30 மீட்டர் சேர்கிறது. தொட்டி நிரப்ப வாங்கிய பம்பிலேயே தெளிப்பானையும் மாட்டினால் முனையில் தண்ணீர் வழிவதுதான் நடக்கும், சுழலாது.

உறிஞ்சும் பக்கம்: ஏற்காடு வேறு, சேலம் வேறு

மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது) தண்ணீரை இழுப்பதாக நமக்குத் தோன்றும். இழுக்கிற வேலையை அது செய்வதில்லை. பம்பு தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுதான் தண்ணீரைப் பைப்பில் தள்ளி ஏற்றுகிறது. காற்றின் பலம் எவ்வளவோ அவ்வளவுதான் ஏறும். கடல் மட்டத்தில் காற்றின் எடை சுமார் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். காற்றின் அழுத்தத்தால்தான் இப்படி நடக்கிறது என்பதை இத்தாலியின் டாரிசெல்லி 1640களில் பாதரசக் குழாயை வைத்துக் காட்டினார்.

சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் பலம் சுமார் 10 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். இங்கே காற்று மெலிந்து 8.6 மீட்டர் அளவுதான் இருக்கும். இங்கே தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடுவதற்கும் பருப்பு வேக நேரமாவதற்கும் இதே மெலிந்த காற்றுதான் காரணம்.

இந்த 8.6 மீட்டரும் நமக்குக் கிடைக்காது. பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரின் வாயில் தண்ணீர் கொதிக்காமல் இருக்கச் சின்னப் பம்புகளுக்குச் சுமார் 3 மீட்டர் மிச்சம் வேண்டும். இந்த எண் பம்புக்குப் பம்பு மாறும், விவரத் தாளில் போட்டிருப்பார்கள். சக்ஷன் பைப்பின் (கிணற்றிலிருந்து பம்பு வரை வரும் பைப்பின்) உராய்வுக்கு அரை மீட்டர், பாதுகாப்புக்கு அரை மீட்டர், தண்ணீரின் ஆவி அழுத்தத்துக்குக் கால் மீட்டர். எல்லாம் கழித்தால் ஏற்காட்டில் நாலரை மீட்டருக்குள்தான் வருகிறது. அதே பம்பு சேலத்தில் ஐந்தரை மீட்டர் ஆழத்திலிருந்து தொல்லையில்லாமல் எடுக்கும். சேலத்தில் ஓடிய பம்பை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து, "அங்க நல்லா ஓடுச்சே" என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் அந்த ஒரு மீட்டர் வித்தியாசம்.

எனவே கோடையில் கிணற்று மட்டம் எவ்வளவு இறங்கும் என்று பார்த்து, பம்பை அதற்கு நாலு மீட்டருக்குள் வையுங்கள். கிணற்றுக்குள் ஒரு மேடை கட்டி இறக்கலாம். அது முடியாத ஆழம் என்றால் சப்மெர்சிபிள் போடுங்கள். தண்ணீருக்குள்ளேயே இருக்கும் பம்புக்கு உறிஞ்சும் தொல்லை கிடையாது. பெரிய ஹெச்.பி. வாங்கினால் ஆழத்திலிருந்து எடுக்கும் என்பது தவறான எண்ணம். மோட்டார் எவ்வளவு பெரியதானாலும் காற்றின் பலம் கூடப்போவதில்லை.

எல்லை மீறி உறிஞ்ச வைத்தால் என்ன ஆகும்? பம்பின் வாயில் அழுத்தம் விழுந்து, குளிர்ந்த தண்ணீரே கொதித்துக் குமிழி குமிழியாகிவிடும். அந்தக் குமிழிகள் இம்பெல்லருக்குள் போய் அழுத்தம் கூடும் இடத்தில் உடைகின்றன. கேசிங்குக்குள் (பம்பின் வெளிக்கூட்டுக்குள்) ஜல்லி உருளுகிற மாதிரி கரகரவென்று சத்தம் கேட்கும். பல மாதம் இப்படி ஓடிய இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். இறக்கையின் உள்பக்கம் அரித்து, விரல் வைத்தால் சொரசொரவென்று குழி குழியாகத் தட்டுப்படும். துரு இப்படி ஒரே இடத்தில் குவிந்து அரிக்காது.

சக்ஷன் பைப்பைப் பம்பு வாயைவிட ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள். கிணற்றிலிருந்து பம்பு வரை அது ஏறுமுகமாகவே வர வேண்டும். நடுவில் முதுகு தூக்கினால் அங்கே காற்று தங்கும். பம்பு வாயை ஒட்டி எல்போ வைக்காதீர்கள். பைப்பின் அடி முனையில் தண்ணீர் இறங்கிவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நன்றாக மூழ்கியிருக்கட்டும். மட்டம் இறங்கி மேலே சுழி தெரிகிறது என்றால் காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது.

ராத்திரி நிறுத்திய பம்பு காலையில் தண்ணீர் எடுக்கவில்லை, ஊற்றி ஓட்டினால் எடுக்கிறது என்றால் ஃபுட் வால்வு ஒழுகுகிறது. ஊற்றினாலும் பாதியில் விட்டுவிட்டு வருகிறது என்றால் சக்ஷன் மூட்டு எங்கோ காற்று இழுக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு மூட்டிலும் கெட்டியான சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை உள்ளே இழுபடும். தண்ணீர் சொட்டாத ஓட்டை இது, கண்ணுக்குத் தெரியாது.

பைப்பின் அளவு

ஓடுகிற தண்ணீர் பைப்பில் உரசிக்கொண்டே போகிறது. அந்த உரசலைத் தாண்டவும் பம்பு உழைக்க வேண்டும். நம் தோட்டத்தில் நொடிக்கு 2 லிட்டர் போக, உள் விட்டம் 40 மில்லி உள்ள பிளாஸ்டிக் பைப் போட்டால் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 7.3 மீட்டர் உராய்வு, அதாவது தண்ணீரை அவ்வளவு உயரம் கூடுதலாக ஏற்றுவதற்குச் சமம். 400 மீட்டருக்கு 29 மீட்டர். உள் விட்டம் 50 மில்லி என்றால் 400 மீட்டருக்கும் சேர்த்துப் பத்து மீட்டர்தான். 60 மில்லி என்றால் நாலு மீட்டர்.

பத்தே மில்லி கூடியதும் உராய்வு மூன்றில் ஒரு பங்காகிவிட்டதைப் பாருங்கள். உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டிக் குறைகிறது. தண்ணீரின் அளவு இரண்டு மடங்கானால் உராய்வு ஏறக்குறைய நாலு மடங்காகிறது. பைப்பில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடித்துவிட்டு, அதைப் பம்பின் ஆயுள் முழுக்கத் திருப்பிக் கட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பார்க்கவே வருத்தமாக இருக்கும் விஷயம்.

கடையில் 50 மில்லி பைப் என்று சொன்னால் அது வெளி விட்டம். பி.வி.சி.யும் ஹெச்.டி.பி.இ.யும் வெளி விட்டத்தில்தான் விற்கப்படுகின்றன. பைப் தாங்கும் கிலோ (அழுத்தம்) கூடக்கூடச் சுவர் தடிக்கும், உள்ளே இடம் குறையும். எனவே உள் விட்டம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். நம் கணக்கில் 40, 50, 60 மில்லி பைப் என்று வருவதெல்லாம் உள் விட்டம்.

சேலம் சமவெளியில் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருக்கும் இடங்களில் இன்னொன்றும் உண்டு. இரும்பு பைப்பின் உள்சுவரில் உப்புக் காறை படியும். 50 மில்லி பைப்பில் சுற்றிலும் இரண்டரை மில்லி காறை படிந்தால் விட்டம் 45. அவ்வளவுதான் குறைந்தது, ஆனால் அதே தண்ணீருக்கு உராய்வு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். சொரசொரப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். "வருஷா வருஷம் தண்ணி கொறையுது, மோட்டார் தேஞ்சிருச்சு" என்று ரீவைண்டிங்குக்குப் போவதற்கு முன் ஒரு மூட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது ஹெச்.பி. கணக்கு. 60 மீட்டர் உயரம், 50 மில்லி பைப்பில் 10 மீட்டர் உராய்வு, மொத்தம் 70. நொடிக்கு 2 லிட்டரை 70 மீட்டருக்கு ஏற்றத் தண்ணீருக்கு மட்டும் சுமார் 1.4 கிலோவாட். பம்பின் திறன் 50 சதவீதம் என்று வைத்தால் மோட்டார் தண்டில் 2.75 கிலோவாட், அதாவது 3.7 ஹெச்.பி. 40 மில்லி பைப்பில் இதே தண்ணீர் வேண்டுமென்றால் மொத்தம் 89 மீட்டர், தண்டில் 4.7 ஹெச்.பி. தினம் ஆறு மணி நேரம் ஓட்டினால் அந்த ஒரு ஹெச்.பி. வித்தியாசம் நாலரை யூனிட் மின்சாரம். விவசாய இணைப்புக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை என்பதால் இதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதுதானே செடிக்கு முக்கியம்.

மலையில் இன்னொரு சின்ன விஷயம். பொதுவான மோட்டார்கள் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் முழுத் திறனுக்கு வடிவமைக்கப்படுகின்றன. அதற்கு மேல் காற்று மெலிதாக இருப்பதால் குளிர்ச்சி குறையும். கணக்கு விளிம்பில் நின்றால் ஒரு அளவு கூட்டி வாங்குங்கள்.

பம்பும் பைப்பும் சந்திக்கும் இடம்

ஒவ்வொரு பம்புக்கும் ஒரு வளைவு உண்டு, விவரத் தாளில் படமாகப் போட்டிருப்பார்கள். தண்ணீர் கூடினால் ஏற்றும் உயரம் குறையும். நம் பம்பு வால்வை அடைத்தால் 86 மீட்டர் அழுத்தம் தரும், 2 லிட்டர் போகும்போது 70 மீட்டர் தரும் என்று வைப்போம். பைப்புக்கும் ஒரு வளைவு உண்டு. தண்ணீரே ஓடாவிட்டாலும் 60 மீட்டர் கேட்கும், ஓட ஓட இன்னும் கேட்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் பம்பு ஓடும். 50 மில்லி பைப்பில் அந்தப் புள்ளி 2 லிட்டர். 40 மில்லி பைப்பில் இதே பம்பு 1.5 லிட்டர்தான் தரும். 60 மில்லி போட்டால் 2.3 லிட்டர். பம்பைத் தொடவேயில்லை, தண்ணீர் மாறிவிட்டது.

அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகளுக்கு இதிலேயே விடை இருக்கிறது.

"இன்னொரு பம்பைப் பக்கத்தில் போட்டு அதே பைப்பில் சேர்த்தால் தண்ணீர் இரண்டு மடங்காகுமா?" ஆகாது. 50 மில்லி பைப்பில் இதே மாதிரி இன்னொரு பம்பைச் சேர்த்தால் 2 லிட்டர் 2.7 ஆகும். 40 மில்லி பைப்பில் 1.5 லிட்டர் 1.8 ஆகும். அந்தப் பணத்துக்குப் பெரிய பைப் போட்டிருக்கலாம்.

"டெலிவரி (தண்ணீர் வெளியேறும் பக்கத்து) வால்வைக் கொஞ்சம் அடைத்தால் மோட்டாருக்குப் பாரம் கூடுமா?" நாம் பயன்படுத்தும் சாதாரண மையவிலக்குப் பம்பில் நேர்மாறாக நடக்கும். தண்ணீர் குறைந்தால் ஆம்ப்ஸும் குறையும். பாரம் கூடுவது பைப் உடைந்தால்தான். பம்புக்குப் பக்கத்திலேயே பைப் உடைந்து கொட்டினால் நம் பம்பு நாலரை லிட்டர் தள்ளப் பார்க்கும், மோட்டார் சூடாகி, அதைக் காக்கும் ஓவர்லோட் ரிலே விழுந்து பம்பு நிற்கும். 200 அடிக்கு ஏற்றும் பம்பை 50 அடி உயரத்துக்குப் போட்டாலும் இதே கதைதான். அங்கே வால்வைச் சற்று அடைத்து ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் முழுக்க அடைத்து நிமிடக்கணக்கில் ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து சீல் போய்விடும்.

"டீசல் எஞ்சினில் வேகம் கொஞ்சம் குறைந்தால் தண்ணீர் கொஞ்சம்தானே குறையும்?" இதில்தான் மலைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வேகம் பத்து சதவீதம் குறைந்தால் பம்பு தரும் அழுத்தம் 19 சதவீதம் குறையும். நம் பம்பின் 86 மீட்டர் 70க்கு வந்துவிடும். 60 மீட்டர் உயரம் குறையாமல் அப்படியே நிற்கிறது. விளைவு, 2 லிட்டர் 1.2 ஆகிவிடும். வேகம் இருபது சதவீதம் குறைந்தால் பம்பு தருவது 55 மீட்டர். தொட்டிக்கு ஒரு சொட்டு போகாது. எஞ்சின் படபடவென்று ஓடிக்கொண்டிருக்கும், மேலே நிற்கிற ஆள் வெறும் பைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். மெலிந்த காற்றில் டீசல் எஞ்சினின் பலம் குறையும் என்பதால் ஏற்காட்டில் இதை மறக்கவே கூடாது.

பைப்பில் காற்று

ஊற்றிலிருந்து சரிவில் தானாக இறங்கி வரும் பைப் லைன் ஏற்காட்டில் நிறைய. மோட்டார் இல்லை, செலவு இல்லை. ஆனால் "ரெண்டு நாளா வரலைங்க அண்ணா, காத்து அடைச்சிக்கிச்சு" என்று தோட்டத்து ஆள் வந்து சொல்வதும் இதில்தான்.

பைப் ஏறி இறங்கிப் போகும்போது ஒவ்வொரு முதுகிலும் காற்று தங்கும். அந்தக் காற்று பைப்பின் இறங்கும் பக்கத்தை அடைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தின் உயரம் வீணாகிறது. நாலு முதுகில் இரண்டிரண்டு மீட்டர் என்றால் எட்டு மீட்டர் போச்சு. ஊற்றுக்கும் தொட்டிக்கும் உயர வித்தியாசமே எட்டு மீட்டர் என்றால் பைப்பில் எங்கும் அடைப்பு இல்லாமலேயே தண்ணீர் நின்றுவிடும்.

எனவே பைப் போடும்போதே லைனை நடந்து பார்த்து, ஒவ்வொரு முதுகிலும் ஒரு டீ வைத்து ஏர் வால்வு போடுங்கள். பணம் இல்லையென்றால் ஒரு சின்ன கேட் காக்கோ மூடியோ போதும். தண்ணீர் விட்டதும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். மூடியை அரைச் சுற்று தளர்த்தினால் முதலில் புஸ்ஸென்று காற்று வரும். கொஞ்ச நேரத்தில் சத்தம் விட்டுவிட்டு வரும், நுரையும் காற்றுமாகத் துப்பும், கை நனையும். அப்புறம் சத்தம் அடங்கி கண்ணாடி மாதிரி தண்ணீர் வழியும். அப்போது மூடுங்கள். அவசரப்பட்டுத் துப்பும்போதே மூடிவிட்டால் மறுநாள் மறுபடி நடக்க வேண்டியிருக்கும்.

முதுகில் மூடியைத் திறந்ததும் காற்று வெளியே வராமல் உள்ளே இழுத்தால் அந்த இடம் மிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். அங்கே ஏர் வால்வு வைத்தாலும் பயனில்லை, லைனைத் தாழ்த்திக் கொண்டுபோக வேண்டும்.

நிறுத்தும்போது விழும் அடி

பம்பை நிறுத்தியதும் டொம் என்று ஒரு சத்தம், பைப் துள்ளுகிறது. 400 மீட்டர் நீளத் தண்ணீர் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் அழுத்தமாக மாறுகிறது. 50 மில்லி பைப்பில் நம் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிறது. பிளாஸ்டிக் பைப்பில் இதைச் சட்டென்று நிறுத்தினால் ஏற்கெனவே உள்ள அழுத்தத்துக்கு மேல் சுமார் 4 கிலோ கூடும். இரும்பு பைப்பில் 12 கிலோவுக்கு மேலும் கூடும். பிளாஸ்டிக் சற்று விரிந்து கொடுக்கும், இரும்பு கொடுக்காது. 40 மில்லி பைப்பில் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் என்பதால் அடியும் அதே விகிதத்தில் கூடும்.

நம் லைனில் இரண்டு நொடிக்குள் வால்வை மூடினால் முழு அடியும் விழும். எனவே நெம்புகோல் பால் வால்வைத் தொட்டி முனையில் வைக்காதீர்கள். திருகி மூடும் கேட் வால்வு வையுங்கள், பத்து இருபது நொடி எடுத்து மூடச் சொல்லுங்கள். கரண்ட் போகும்போது யாரும் மெதுவாக நிறுத்த முடியாது. அதற்குப் பம்பை ஒட்டி ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. வேண்டும். தண்ணீர் திரும்பி வேகம் பிடிப்பதற்குள் அது மூடிவிடும். தடுக்குப் போல ஆடி மூடும் பழைய வகை தாமதமாக மூடுவதால்தான் அந்த டொம்.

பைப்பின் கிலோவைத் தேர்ந்தெடுக்கும்போது பம்பின் அடைப்பு அழுத்தத்தையும் பாருங்கள். நம் பம்பு அடைத்த நிலையில் 8.6 கிலோ தரும். கீழ்ப்பகுதிக்கு 10 கிலோ பைப் கட்டாயம், அதிலும் மெதுவாக மூடுகிற பழக்கம் இருந்தால்தான் தாங்கும். மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் மேல் பாதிக்கு 6 கிலோ போதும். எல்லாவற்றையும் ஒரே கிலோவில் வாங்கிப் பணத்தை மண்ணில் புதைக்க வேண்டாம்.

கேஜ் என்ன சொல்கிறது

பம்பின் டெலிவரியில் ஒரு பிரஷர் கேஜும், ஸ்டார்ட்டரில் ஒரு ஆம்மீட்டரும், தொட்டியருகே ஒரு 200 லிட்டர் டிரம்மும் இருந்தால் எந்தப் பழுதையும் பாதி கண்டுபிடித்துவிடலாம். டிரம் நூறு நொடியில் நிரம்பினால் நொடிக்கு 2 லிட்டர்.

தண்ணீர் குறைந்து கேஜ் கூடினால் கோளாறு மேலே: பாதி மூடிய வால்வு, காறை, காற்று அடைப்பு. தண்ணீரும் குறைந்து கேஜும் குறைந்தால் கோளாறு பம்பிலோ சக்ஷனிலோ. கேஜ் முள் நடுங்கினால் காற்று உள்ளே போகிறது, அல்லது ஆழம் கூடிவிட்டது. கேஜ் குறைந்து ஆம்ப்ஸ் கூடியிருந்தால் லைனைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள், எங்கோ உடைந்திருக்கிறது.

மின்கம்பத்தில் வேலை நடந்த மறுநாளிலிருந்து தண்ணீர் குறைந்தால் பேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம். தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் அதே பக்கம்தான் வரும், பலம் மட்டும் குறைந்திருக்கும். அதனால் பல நாள் கண்டுபிடிக்காமலே போகும். மேட்டுத் தொட்டி என்றால் அறவே ஏறாது. கேசிங்கில் அம்புக்குறி இருக்கும், நிறுத்தும் நேரத்தில் விசிறி எந்தப் பக்கம் சுற்றி நிற்கிறது என்று பாருங்கள். தப்பாக இருந்தால் எலக்ட்ரீஷியனை விட்டு இரண்டு ஒயரை மாற்றச் சொன்னால் போதும்.

எதைக் கழற்றுவதானாலும் மெயினை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்தியது போதாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் இடத்தில் கரண்ட் வந்ததும் பம்பு தானே ஓட ஆரம்பிக்கும். உங்கள் கை உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது.

புதுப் பம்பு போட்ட முதல் நாளே நாலு எண்ணை எடுத்து, மோட்டார் ரூம் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். வால்வை அடைத்து சில நொடி மட்டும் ஓட்டும்போது கேஜ் எவ்வளவு, முழுக்கத் திறந்து ஓடும்போது எவ்வளவு, அப்போது ஆம்ப்ஸ் எவ்வளவு, டிரம் நிரம்ப எத்தனை நொடி. தேதியும் கிணற்றுத் தண்ணீர் மட்டமும் பக்கத்தில். அடுத்த வருஷம் தண்ணீர் குறையும்போது அடைத்த நிலையில் கேஜ் பழைய எண்ணையே காட்டினால் பம்பைக் கழற்ற வேண்டாம், பைப்பையும் சக்ஷனையும் பாருங்கள். அந்த எண்ணே குறைந்திருந்தால் முதலில் சுற்றும் பக்கத்தைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால்தான் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது என்று பொருள், மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.